ஒருகரு இரட்டையரின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருக்கம்? டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் என்று எந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இந்த விஷயத்தைக் கேட்டுவிடுகிறார். முக்கால்வாசிப் பேர் டிஎன்ஏ கிட் வாங்கி, எச்சில் அனுப்பி, வந்த முடிவைப் பார்த்துக் குழம்பியவர்கள். நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன், டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. கேட்டவர்கள் கேட்ட வரிசையிலேயே பதில்களை எழுதி வைத்திருக்கிறேன், அதனால் பெரிய ஒழுங்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். எத்தனை சதவீதம்?

சராசரியாக டிஎன்ஏவில் 25 சதவீதம். சாதாரணமாக அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் பகிர்ந்துகொள்வது 12.5 சதவீதம்தான், ஒருகரு இரட்டையரின் பிள்ளைகளுக்கு அது இரண்டு மடங்காகிவிடுகிறது. ஒரே அப்பா, அம்மா மட்டும் வேறு என்று இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே 25தான். அதாவது குடும்பத்தில் பெரியப்பா மகன், ரத்தத்தில் பாதி உடன்பிறப்பு.

அப்பாவும் பெரியப்பாவும் வேறு வேறு ஆள்தானே, எப்படி இரண்டு மடங்காகும்?

ஆள் வேறு, டிஎன்ஏ ஒன்று. ஒரே கருமுட்டை, ஒரே விந்தணு, சேர்ந்து உண்டான கரு சில நாட்களிலேயே இரண்டாகப் பிரிந்து இரண்டு பிள்ளைகளாக வளர்கிறது. ஆக இருவர் கையிலும் இருப்பது ஒரே சீட்டுக்கட்டு. உங்கள் அப்பா அதிலிருந்து பாதியை எடுத்து உங்களுக்குப் போடுகிறார், உங்கள் பெரியப்பா அதே கட்டிலிருந்து இன்னொரு பாதியை எடுத்து அவர் மகளுக்குப் போடுகிறார். உங்களுக்கு வந்த ஒரு சீட்டு அவளுக்கும் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்களுடைய மொத்த டிஎன்ஏவில் அப்பா பங்கு பாதி, அந்தப் பாதியில் பாதி அவளிடமும் இருக்கும், பாதியில் பாதி கால், அதுதான் 25 சதவீதம்.

சாதாரண அண்ணன் தம்பி என்றால் அவர்கள் இருவருக்கும் இடையிலேயே சராசரி பாதிதான் ஒத்துப்போகும், அதனால் இன்னும் ஒரு முறை இரண்டால் வகுக்க வேண்டும். இரட்டையரில் அந்த ஒரு வகுத்தல் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. உங்களுக்கும் உங்கள் அப்பாவின் இரட்டைக்கும் உள்ள நெருக்கம் 25 சதவீதம் அல்ல, 50. உங்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் எவ்வளவோ அவ்வளவு.

டிஎன்ஏ கிட்டில் பெரியப்பா மகனை "பாதிச் சகோதரர்" என்று காட்டுகிறது. வீட்டில் சண்டை வந்துவிட்டது. என்ன அர்த்தம்?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். பாவம், அம்மாக்கள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிட் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு உங்கள் குடும்பத்தில் இரட்டையர் இருப்பது தெரியாது. இரண்டு பேருடைய டிஎன்ஏவை ஒப்பிட்டு எவ்வளவு நீளம் ஒத்துப்போகிறது என்று சென்டிமார்கன் என்ற அளவில் கூட்டுகிறது, அந்தக் கூட்டுத்தொகைக்கு வழக்கமாக எந்த உறவு பொருந்துமோ அதை எழுதிவிடுகிறது. சாதாரணக் கசினுக்கு அது சராசரி 870 பக்கம் இருக்கும், பாதி உடன்பிறப்புக்கு 1,750 பக்கம், முழு உடன்பிறப்புக்கு 2,600 பக்கம், பெற்றவருக்கும் பிள்ளைக்கும் 3,500 பக்கம். ஒருகரு இரட்டையரின் பிள்ளைகள் நேராக அந்த 1,750 கூட்டத்தில் போய் விழுவார்கள். அதைப் பார்த்தவுடன் "அப்படியானால் எங்கள் அப்பாதான் அவனுக்கும் அப்பாவா" என்று கேட்டுவிடக் கூடாது. உங்கள் வீட்டில் இரட்டையர் இருப்பது தெரிந்திருந்தால் 1,750 என்பதுதான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய எண். சொல்லப்போனால் 870 வந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும், பெரும்பாலும் அவர்கள் ஒருகரு இரட்டையர் இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிட்டால் யார் பக்கமும் சாட்சி சொல்ல முடியாது. பிள்ளை பெரியப்பாவுடையதா அப்பாவுடையதா என்பதை அதில் வரும் எண் பிரித்துக் காட்டாது, இரண்டு நிலையிலும் ஒரே எண்தான். சந்தேகப்படுகிறவருக்கும் அது ஆதாரம் ஆகாது, மறுக்கிறவருக்கும் ஆகாது. அதே மாதிரி பெரியப்பாவே கிட் செய்துகொண்டால் உங்களுக்கு அவரை "தந்தை" என்றே காட்டும். பதற வேண்டாம்.

எங்களுக்கு 1,750 வரவில்லை, 1,400தான் வந்தது. அப்போது?

அதுவும் சரிதான். சராசரி என்றால் எல்லாருக்கும் அதே எண் வரும் என்று இல்லை. பாதி உடன்பிறப்பு அளவில் உள்ளவர்களுக்கு 17 சதவீதத்திலிருந்து 34 சதவீதம் வரை கூடும் குறையும். விந்தணு உண்டாகும்போது குரோமோசோம்கள் வெட்டி ஒட்டிக்கொள்வது சுமார் 26 இடங்களில், கருமுட்டையில் சுமார் 42 இடங்களில். குறைவான வெட்டு என்றால் பெரிய பெரிய துண்டுகளாகக் கைமாறும், அதனால் இரட்டைச் சகோதரர்களின் பிள்ளைகளுக்கு இடையில் எண் அதிகம் ஏறி இறங்கும், இரட்டைச் சகோதரிகளின் பிள்ளைகளுக்கு சராசரியை ஒட்டியே வரும்.

எங்கள் அம்மாவும் சின்னம்மாவும் இரட்டை. ஆனால் ஒருகருவா இருகருவா என்று யாருக்கும் தெரியாது.

இருகரு இரட்டையர் என்றால் இரண்டு முட்டை, இரண்டு விந்தணு, ஒரே நேரத்தில் பிறந்த சாதாரண உடன்பிறப்புகள். அவர்கள் பிள்ளைகளும் சாதாரணக் கசின்கள், 12.5 சதவீதம், இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

பிரித்துப் பார்ப்பதில் நம் குடும்பங்களில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "பிரசவத்தில் இரண்டு நஞ்சுக்கொடி வந்தது, அதனால் இருகரு" என்று நர்ஸ் சொன்னதாகப் பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் ஒருகரு இரட்டையரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு ஜோடிக்கு நஞ்சுக்கொடி தனித்தனியாகத்தான் இருக்கும், கரு முதல் மூன்று நாளுக்குள் பிரிந்துவிட்டால் அப்படி ஆகும். திரும்பவும் சொல்கிறேன், தனி நஞ்சுக்கொடி என்றால் இருகரு என்று அர்த்தமில்லை. பார்வைக்கு ஒன்றே என்றாலும் ஒருகரு என்று உறுதியில்லை, இருகரு இரட்டையரின் இரண்டு நஞ்சுக்கொடிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிவதும் உண்டு. ஆணும் பெண்ணும் என்றால் இருகரு, மிக மிக அரிதான விதிவிலக்கு தவிர. முகச்சாயலை வைத்துச் சொல்வது ஓரளவுக்குச் சரியாக வரும், ஆனால் உறுதி வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்து எடுக்கும் டிஎன்ஏ பரிசோதனைதான் வழி. உலகம் முழுக்க எந்த நாட்டிலும் ஆயிரம் பிரசவத்துக்கு 4 பக்கம்தான் ஒருகரு இரட்டை. இருகரு இரட்டை மட்டும் இடத்துக்கு இடம் மாறும், நம் கண்டத்திலேயே நைஜீரியாவின் யொருபா மக்களிடம் அது மிக அதிகம்.

இரட்டைச் சகோதரர்கள் அக்கா தங்கையைக் கட்டியிருக்கிறார்கள். கணக்கு மாறுமா?

மாறும். அப்பா பக்கம் 25, அம்மாக்கள் சாதாரண அக்கா தங்கை என்பதால் அந்தப் பக்கம் 12.5, மொத்தம் 37.5 சதவீதம். முழு உடன்பிறப்புக்கும் பாதி உடன்பிறப்புக்கும் நடுவில் ஓர் இடம். நம் ஊரில் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் பெண் எடுப்பது புதிதல்ல, அதனால் இந்த எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருகரு இரட்டைச் சகோதரர்கள் ஒருகரு இரட்டைச் சகோதரிகளைக் கட்டினால் இரண்டு பக்கமும் 25, கூட்டினால் 50. அந்தப் பிள்ளைகள் சட்டத்துக்குக் கசின், மரபணுவில் கூடப்பிறந்த அண்ணன் தங்கை. இது கதை இல்லை. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் நடக்கும் இரட்டையர் விழாவில் இப்படி இரண்டு ஜோடிகளுக்கு ஒன்றாகக் கல்யாணம் நடந்தது, பிறகு இரண்டு வீட்டிலும் சில மாத இடைவெளியில் பிள்ளைகள் பிறந்தார்கள்.

இரட்டையரின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வரும்: முறை, சட்டம், மரபணு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பேச்சு சண்டையாகிறது, அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முறையில் இடமே இல்லை. ஒருகரு இரட்டையர் என்றால் இரண்டும் ஆண் அல்லது இரண்டும் பெண். ஆகவே அவர்கள் பிள்ளைகள் எப்போதும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளாகவோ பெரியம்மா சின்னம்மா பிள்ளைகளாகவோதான் இருப்பார்கள், அதாவது அண்ணன் தங்கை. முறைப்பையன் முறைப்பெண் ஆக வேண்டுமென்றால் ஒரு பக்கம் ஆணும் ஒரு பக்கம் பெண்ணும் வேண்டும், மாமன் மகள், அத்தை மகன் என்று. அது ஒருகரு இரட்டையருக்கு வாய்க்காது. இங்கே வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த நான்காம் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆயா தாத்தா போன பிறகு முறை பார்க்க ஆளே இல்லாத வீடுகள் நிறைய. அவர்கள் அறியாமல் கேட்டால் கோபப்படாமல் சொல்லிக்கொடுங்கள்.

சட்டம் வேறு மாதிரி. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் கசின்கள் கல்யாணம் செய்துகொள்ளத் தடை இல்லை. பக்கவாட்டு உறவில் தடை யாருக்கு என்றால், பொதுவான மூதாதைக்கு இருவரில் ஒருவராவது நேர்ப் பிள்ளையாக இருந்தால். அண்ணன் தங்கை, தாய்மாமன் அக்கா மகள், அத்தை அண்ணன் மகன் எல்லாம் அதில் அடங்கிவிடும். கசின்களுக்குப் பொதுவான மூதாதை தாத்தா ஆயா, இருவருமே பேரப்பிள்ளைகள், அதனால் அனுமதி. பெற்றோர் ஒருகருவா இருகருவா என்று உள்துறை அலுவலகத்தில் எந்தப் படிவமும் கேட்பதில்லை.

மரபணுவில் இது பாதி உடன்பிறப்புகள் கல்யாணம் செய்வதற்குச் சமம். நீங்கள் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

அப்படியானால் முறை வகுத்த பெரியவர்களுக்கு மரபணு தெரிந்திருந்ததா?

இல்லை, இந்தப் பெருமை மட்டும் வேண்டாம். இரட்டையர் விஷயத்தில் முறையும் மரபணுவும் ஒரே பக்கம் நிற்பது தற்செயல். ஏன் சொல்கிறேன் என்றால், அதே முறை அக்கா மகளைக் கட்டிக்கொள்ள விட்டது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் 25 சதவீதம், இரட்டையர் பிள்ளைகளுக்கு உள்ள அதே அளவு. மாமன் மகள் 12.5, அவளைக் கட்டலாம், பெரியப்பா மகளும் 12.5, அவளைத் தொடக் கூடாது. முறை பார்த்தது பங்காளி யார், சம்பந்தி யார் என்று. ரத்தத்தின் அளவு அதன் கணக்கிலேயே இல்லை.

சட்டத்துக்கும் இதே நிலைமைதான், தலைகீழாக. அக்கா மகளைக் கட்டுவதை இந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது, அதே 25 சதவீதம் உள்ள இரட்டையர் பிள்ளைகளைத் தடுக்கவில்லை. எழுதியவர்கள் வம்ச மரத்தில் படிகளை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

பிறக்கும் குழந்தைக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து?

யாராக இருந்தாலும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம் உண்டு, இது உறவே இல்லாத தம்பதிக்கும். சாதாரணக் கசின்கள் என்றால் அதற்கு மேல் இன்னும் 2 முதல் 3 சதவீதம். ஊரில் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை, ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

25 சதவீத உறவில் எப்படிக் கூடுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். தாத்தாவிடம் ஒரு மறைந்திருக்கும் நோய் மரபணு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பிரதி சேர்ந்தால்தான் நோய் வரும் வகை. சாதாரண அண்ணன் தம்பி என்றால் அது மகனுக்குப் போக 2-ல் 1, பேரனுக்குப் போக மொத்தத்தில் 4-ல் 1, இரண்டு பேரப்பிள்ளைகளிடமும் இருக்க 16-ல் 1, அவர்கள் கல்யாணம் செய்து குழந்தை நோயோடு பிறக்க 64-ல் 1. இரட்டையர் என்றால் ஒருவருக்குப் போனால் இருவருக்கும் போயிற்று, அதற்கு 2-ல் 1. இருவரின் பிள்ளைகளிடமும் இருக்க அதில் 4-ல் 1, ஆக 8-ல் 1. குழந்தைக்கு நோய் வர 32-ல் 1. இரண்டு மடங்கு. தாய்மாமன் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கணக்குப் போட்டாலும் இதே 32-ல் 1தான் வரும். தாத்தாவிலிருந்து தொடங்காமல், இரட்டையரிடமே அந்த மரபணு இருப்பது பரிசோதனையில் தெரிந்துவிட்டது என்றால் ஆபத்து 16-ல் 1 ஆகிவிடும்.

ஏற்கெனவே கல்யாணம் முடிந்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பார்த்து, குடும்பத்தில் என்ன நோய் ஓடுகிறது என்று சொல்லி, தேவையான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். "எங்கள் பெற்றோர் ஒருகரு இரட்டை" என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் சாதாரணக் கசின் கணக்கைத்தான் போடுவார்.

அடுத்த தலைமுறை? எங்கள் பிள்ளைகளுக்குள் முறை வருகிறதே.

வரும், இங்கேதான் உண்மையாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது, ஆனால் இதை யாரும் கேட்பதில்லை.

உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒருகரு இரட்டை. பெரியப்பா மகள் உங்களுக்கு அக்கா. அக்காவுடைய மகன் உங்கள் மகளுக்கு முறைப்பையன், நம் வழக்கப்படி தாராளமாகக் கட்டலாம். சாதாரணக் குடும்பத்தில் இவர்கள் இரண்டாம் கசின்கள், 3.1 சதவீதம், ஒரு பயமும் இல்லை. இரட்டையர் வழியில் அது 6.25 சதவீதம். இரண்டு மடங்கு ஆனாலும் சொந்த மாமன் மகளுக்கு உள்ளதில் பாதிதான், அதனால் நான் இதற்குக் கவலைப்பட மாட்டேன். ஆனால் இரட்டையர் கட்டியதும் இரட்டையரை என்றால் நீங்களும் அக்காவும் முழு உடன்பிறப்பு அளவு, உங்கள் பிள்ளைகள் சொந்த மாமன் மகள் அத்தை மகன் அளவு, 12.5.

இன்னொரு இடம் கொஞ்சம் நெருக்கமானது. பெரியம்மா மகள் உங்களுக்கு அக்கா முறை, அவள் மகளை உங்களுக்கே பேசுகிறார்கள். தூரத்து அக்கா மகள்தானே என்று முறையும் ஒத்துக்கொள்ளும், சொந்த அக்கா இல்லை என்பதால் சட்டமும் தடுக்காது. அம்மாவும் பெரியம்மாவும் ஒருகரு இரட்டை என்றால் அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் 12.5 சதவீதம், சொந்த மாமன் மகள் அளவு. தூரம் என்று நினைத்தது தூரம் இல்லை. வயது வித்தியாசத்தைப் பற்றி நான் வேறு பேச வேண்டியதில்லை.

டாக்டரிடம் குடும்ப நோய் வரலாறு சொல்லும்போது இது முக்கியமா?

மிக முக்கியம். என்னைக் கேட்டால் கிட் எண்களை விட இதுதான் உருப்படியான விஷயம்.

பெரியப்பாவுக்கு 45 வயதில் மாரடைப்பு என்றால் படிவத்தில் "பெரியப்பா" என்று மட்டும் எழுதாதீர்கள். "அப்பாவின் ஒருகரு இரட்டை" என்று எழுதுங்கள். டாக்டருக்கு அது அப்பாவுக்கே வந்த மாதிரி. மார்பகப் புற்றுநோய்க்கான பிஆர்சிஏ மரபணு மாற்றம் சின்னம்மாவிடம் இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் உங்கள் அம்மாவிடமும் அது இருக்கிறது, அவருக்கு இன்னும் ஒன்றும் வராமல் இருந்தாலும். உங்களுக்கு அது வந்திருக்க 2-ல் 1 வாய்ப்பு. சாதாரண சின்னம்மா என்றால் உங்களுக்கு 4-ல் 1. சர்க்கரை நோய் நம் டர்பன் இந்தியக் குடும்பங்களில் எந்த அளவுக்கு இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகள் முன்கூட்டியே சோதித்துக்கொள்வதுபோல, அப்பா அம்மாவின் இரட்டைக்கு இருந்தாலும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் இரட்டைக்கு மனநோய். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்குப் பயமா?

கேட்கத் தயங்குவார்கள், கேட்பது நல்லது. டென்மார்க்கில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள இரட்டையரின் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள், 1989-ல் வெளியான முடிவு இது. ஒருகரு இரட்டையில் ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை. ஆனாலும் இரண்டு பேரின் பிள்ளைகளுக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே, 17 சதவீதம் பக்கம். இருகரு இரட்டையில் நோயில்லாதவரின் பிள்ளைகளுக்கு அது 2 சதவீதம் பக்கம்தான். அதாவது நோய் வெளியே தெரியாத இரட்டையும் அந்த மரபணுக்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்.

அதையே திருப்பிப் பாருங்கள்: 100 பேரில் 83 பேருக்கு ஒன்றும் வரவில்லை. பயப்படுவதை விட, தூக்கம் கெடுவது, ஆட்களை விட்டு ஒதுங்குவது போன்ற அறிகுறி தெரிந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போவதுதான் செய்ய வேண்டியது. இரட்டையரின் பிள்ளைகளை வைத்து இப்படி எது மரபணு, எது வளர்ப்பு என்று பிரித்துப் பார்க்கும் முறையை 1976-ல் அமெரிக்காவில் நான்ஸ், கோரி என்ற இரண்டு மரபியலாளர்கள் முறையாக எழுதி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ரத்தத்தில் இரண்டு அப்பா, வீட்டில் ஒரு அப்பா என்பதால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தக் குடும்பங்கள் மேல் அப்படி ஒரு ஆசை.

தந்தை யார் என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை இரட்டையரைப் பிரிக்குமா?

வழக்கமான பரிசோதனை பிரிக்காது. அது சுமார் இருபது இடங்களை மட்டும் பார்க்கிறது, அந்த இருபதும் இரண்டு பேரிடமும் ஒன்றே. 2019-ல் பிரேசிலில் ஒரு வழக்கு, இரட்டைச் சகோதரர்கள் இருவரும் அவன்தான் என்று மற்றவனைக் கை காட்டினார்கள், டிஎன்ஏ பரிசோதனையும் கை விரித்துவிட்டது. நீதிபதி இருவருமே குழந்தைக்குப் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும்.

முழு டிஎன்ஏவையும் எழுத்தெழுத்தாகப் படித்தால் பிரிக்க முடியும். 2014-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் ஒரு இரட்டை ஜோடியையும் அதில் ஒருவரின் குழந்தையையும் அப்படிப் படித்து, தந்தையிடமும் குழந்தையிடமும் இருந்து மற்ற இரட்டையிடம் இல்லாத ஐந்து எழுத்து மாற்றங்களைக் கண்டுபிடித்தது. ஆனால் அது சாதாரணப் பரிசோதனைக்கு ஆகும் செலவில் முடிகிற காரியம் இல்லை.

அப்போது இரட்டையர் நூறு சதவீதம் ஒன்று இல்லையா?

ஏறக்குறைய நூறு. கரு பிரிந்த பிறகு இருவரிலும் தனித்தனியாகச் சில எழுத்துப் பிழைகள் சேரும். 2021-ல் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வில், வளர்ச்சியின் தொடக்கத்தில் உண்டான மாற்றங்களில் இரட்டையர் சராசரியாக ஐந்து இடங்களில் வேறுபடுவதாகப் பார்த்தார்கள். முந்நூறு கோடி எழுத்தில் ஐந்து. மேலே சொன்ன எந்தச் சதவீதமும் இதனால் மாறாது.

பையன் பெண் என்பதால் ஏதாவது வித்தியாசம்?

கொஞ்சம் உண்டு. இரட்டை அப்பாக்களின் மகன்கள் எல்லாரிடமும் ஒரே ஒய் குரோமோசோம். அது சாதாரண அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கும் அப்படித்தான், புதிதில்லை. புதிது எதில் என்றால் மகள்களில். அப்பாவிடம் ஒரே ஒரு எக்ஸ்தான், அதை மகளுக்கு அப்படியே முழுசாகக் கொடுக்கிறார், ஆகவே இரட்டை அப்பாக்களின் மகள்கள் எல்லாரிடமும் அப்பா வழி எக்ஸ் வரிக்கு வரி ஒன்றே. கிட்டில் எக்ஸ் பொருத்தத்தைத் தனியாகக் காட்டினால் முழு நீளத்துக்கும் கோடு ஓடும். இரட்டை அம்மாக்களின் பிள்ளைகளுக்கு, அம்மா வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒன்றே, அது எல்லா அக்கா தங்கை பிள்ளைகளுக்கும் பொதுதான்.

பிள்ளைகள் ஒரே ஜாடையாக இருப்பார்களா?

சில வீட்டில் இருப்பார்கள், சில வீட்டில் இல்லை. பாதி அம்மா பக்கம் ஆயிற்றே.

வம்ச மரத்தில் எப்படிப் பதிவது?

கசின் என்றே போடுங்கள். எண் வந்துவிட்டது என்று பாதிச் சகோதரர் என்று போட்டால், ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவர் உங்கள் அப்பாவுக்கு இரண்டு குடும்பம் இருந்ததாக முடிவு கட்டிவிடுவார். இரட்டையர் இருவரின் பெயருக்கும் பக்கத்தில் குறிப்பாக "ஒருகரு இரட்டை" என்று எழுதி, பரிசோதனையில் உறுதியானதா, வீட்டில் சொல்வதா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

1860-லிருந்து 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்களிலிருந்து மூதாதையைத் தேடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் சென்டிமார்கனை வைத்துத் தலைமுறையை எண்ணுகிறார்கள். சாதாரண இரண்டாம் கசினுக்குச் சராசரி 230 பக்கம் வரும். இடையில் ஒருகரு இரட்டை இருந்தால் அதே உறவுக்கு 450 பக்கம் வரும், பார்க்கிறவர் ஒரு தலைமுறை முன்னால் தள்ளிக் கணக்குப் போட்டு வேறு கப்பலில் போய்த் தேடிக்கொண்டிருப்பார். அதே மாதிரி சொந்தத்திலேயே திரும்பத் திரும்பப் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களிலும் எண் கூடித்தான் வரும், இரட்டையரே இல்லாவிட்டாலும். அதனால் எண் அதிகமாக வந்தால் முதலில் வீட்டில் வயதானவர் யாரிடமாவது இரண்டு கேள்வி கேளுங்கள்: இரட்டைப் பிள்ளை யாராவது இருந்தார்களா, யார் யார் சொந்தத்தில் கட்டினார்கள்.